சம்பந்தப்பட்டவருக்கு ஒரு நாற்காலி

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், பிள்ளைகளும், சென்ற வாரம் முதல் தங்கள் இல்லத்தில் தங்கியுள்ள தங்கள் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பப்படுகிறது. தங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வியாபாரம் செவ்வனே நடைபெற்று வருவதாகவும் அறியப்படுகிறது.

நிற்க. இந்த வார்த்தையை எழுதியதும் என் எதிரே இருக்கும் நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன. எழுந்து நின்றுவிட்டார்கள் போலிருக்கிறது. "உட்காருங்க, உட்காருங்க, அது கடிதத்துல எழுதற வழக்கம், உங்களைச் சொல்லல" என்று கையமர்த்திவிட்டுத் தொடர்கிறேன். யார் எழுந்து நின்றார்கள் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால், எழுதுகிறவர் எதற்காக எழுதுகிறார் என்பதை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிட வேண்டும் என்று எங்கள் எழுத்து வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஆகவே உடைத்துவிடுகிறேன். உங்கள் அக்கா வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் விஷயம். போனில் கேட்க வேண்டியதுதானே என்றால், நான் போன் செய்தால் உங்கள் அக்கா எடுப்பதில்லை. உங்களுக்குச் செய்தால், "கடையில கூட்டம் அத்தான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க அப்படி என்ன கூட்டம்? ஊரில் ஒருத்தருக்குமா கண் தெரியவில்லை? அதனால்தான் கடிதம். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே நிற்கும் பேருந்து உங்கள் கடை வாசல் வழியாகத்தான் போகிறது. அதன் நடத்துனர் பழக்கமானவர், ஜன்னல் வழியாக நீட்டினால் வாங்கிக்கொண்டு போய் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

தங்கள் அக்கா தங்களிடம் என்ன சொன்னாரோ தெரியாது. "அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஆரம்பித்திருப்பார். அது பாதிதான் உண்மை. முழுவதையும் சொல்கிறேன், கேளுங்கள். நான் குடிநீர் வாரியத்தில் அறிவிப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தாங்கள் அறிந்ததே. "குழாய்ப் பராமரிப்புப் பணி காரணமாகக் கீழ்க்கண்ட தெருக்களில் குடிநீர் விநியோகம் நிறுத்தி வைக்கப்படும்" என்று நான் ஒரு வரி எழுதினால் ஊரே அண்டா குண்டாவெல்லாம் இறக்கித் தண்ணீர் பிடித்து வைக்கும். ஒரு வரியில் இத்தனை பேரை ஓட வைத்த எழுத்தாளர் யாராவது உண்டா? ஆனால் ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அந்த நடை எடுபடவில்லை. சாப்பாடு எப்படி இருக்கிறது என்று உங்கள் அக்கா கேட்டால், "உப்பு சற்று அதிகமாக இருப்பது கவனத்துக்கு வந்துள்ளது" என்பேன். வாய் தானாக அப்படித்தான் வருகிறது. "நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, நோட்டீஸ் போர்டையா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, நூலக மாடியில் மாலை நேரத்தில் நடக்கும் எழுத்துப் பயிற்சி வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டதும் தங்கள் அக்காதான். "உங்களுக்குன்னு ஒரு பேச்சு உள்ளுக்குள்ள எங்கயாவது இருக்கும். அதைத் தேடி எடுத்துக்கிட்டு வாங்க" என்று குடையையும் கொடுத்து அனுப்பினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது யார் என்பதைத் தாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

வகுப்பு எடுக்கும் பெண்ணுக்கு எங்கள் மகள் வயதுதான் இருக்கும். யார் எதைக் கொடுத்தாலும் மூன்றே கேள்விதான் கேட்கும். "ஏன் எழுதறீங்க? யாருக்கு எழுதறீங்க? இதைச் சொல்றது யாரு?" முதல் நாள் என் இளமைக் காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "இதுல வர்ற 'மேற்படி நபர்' யாரு சார்?" என்று கேட்டது.

"நான்தாம்மா."

"அப்போ 'நான்'னே எழுதலாமே?"

"அலுவலகத்துல அப்படி எழுத யாருக்கும் அதிகாரம் கிடையாதும்மா" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எல்லாருக்குமாக ஒரு வீட்டுப் பாடம் கொடுத்தது. "உங்களுக்கு எதிர்ல ஒரு காலி நாற்காலி போட்டுக்கோங்க. யாருக்கு எழுதறீங்களோ அவங்க அதுல உட்கார்ந்திருக்கறதா நினைச்சுக்கோங்க. அவங்க முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாத எதையும் எழுதாதீங்க."

வகுப்பில் உள்ள தையற்காரர் வெளிநாட்டில் இருக்கும் தன் மகனை உட்கார வைத்துக்கொண்டாராம். நர்ஸ் அம்மா தன் பழைய சிநேகிதியை உட்கார வைத்தாராம். நான் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே பிரம்பு நாற்காலியைப் போட்டுவிட்டு யாரை உட்கார வைப்பது என்று யோசித்தேன், யோசித்தேன், ஆள் அகப்படவில்லை. சமையலறையிலிருந்து உங்கள் அக்கா எட்டிப் பார்த்து, "யாரை உட்கார வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். முகத்தில் ஏதோ ஓர் ஆவல் இருந்த மாதிரி இப்போது தோன்றுகிறது. "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் சொன்னேன். அவர் உள்ளே போய்விட்டார். பாத்திரம் கழுவுகிற சத்தம் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. அப்புறம் நான் பழக்க தோஷத்தில் "சம்பந்தப்பட்டவருக்கு" என்று தலைப்பிட்டு எழுதிவிட்டேன். எழுதியது இதுதான்: "இங்கு ஒரு நாற்காலி காலியாக உள்ளது. எழுதுபவர் ஓய்வு பெற்றவர், பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பார். தேவைப்படுவோர் நேரில் அணுகவும்."

அணுகிவிட்டார்.

மறுநாள் பட்டப்பகல். உங்கள் அக்கா பட்டாணியை உரிக்க எடுத்துக்கொண்டு வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்து, திரும்பி, "மன்னிச்சுக்கோங்க" என்றார். அப்புறம் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஒருவரும் இல்லை. அப்புறம்தான் அலறினார். பட்டாணி வீடெல்லாம் உருண்டு ஓடியது. "யார் மடியிலயோ உக்காந்துட்டேங்க! முட்டி இருக்குங்க! ரெண்டு முட்டி!" என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடுங்கினார். நான் போய் நாற்காலியின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். சாய்மானம் வெதுவெதுப்பாக இருந்தது. பிரம்புப் பின்னல் நடுவில் குழிந்து தொங்கியது, ஆள் உட்கார்ந்தால் எப்படித் தொங்குமோ அப்படி. பழுதாக இருக்கும் என்று நினைத்துத் தெருக்கோடித் தச்சரை அழைத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பவும் காதிலேயே செருகிக்கொண்டார். "நாற்காலி நல்லாத்தான் சார் இருக்கு. உக்காந்திருக்கறவர எந்திரிக்கச் சொன்னீங்கன்னா காலைப் பாத்துடலாம்" என்றார். கூலி கூட வாங்காமல் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் பக்கமே அவர் வருவதில்லை.

தாங்கள் பயந்துகொண்டே படிப்பீர்கள். நானும் முதலில் பயந்தேன். ராத்திரி விளக்கை அணைக்காமல் படுத்தேன். ஆனால், மைத்துனரே, எழுதுகிறவனுக்கு எதிரே உட்கார்ந்து முழுக்கக் கேட்கிற ஒருவர் கிடைப்பது லேசான காரியமா? வீட்டுப் பாடத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "கீழே கையொப்பமிட்டுள்ள" என்று ஆரம்பித்ததும் நாற்காலி தரையைச் சுரண்டிக்கொண்டு பின்னால் போனது. அடித்துவிட்டு "நான்" என்று எழுதினேன். நின்றது. "எனக்கு நீச்சல் தெரியாது, குடிநீர் வாரியத்தில் இருந்துகொண்டு அதை வெளியே சொல்ல வெட்கம்" என்று எழுதினேன். கொஞ்சம் முன்னால் வந்தது. அப்புறம் எனக்கு ருசி கண்ட பூனை கதைதான். பொய்யாக எழுதினால் பின்னால் போகும், உண்மையாக எழுதினால் முன்னால் வரும். ஒருநாள், ஓய்வு பெற்ற அன்றைக்கு மாலையும் கழுத்துமாகப் பம்ப் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுததை எழுதினேன். மோட்டார் சத்தத்தில் வெளியே கேட்காது என்றுதான் அங்கே போனேன் என்பதையும் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் நாற்காலி மேஜையை ஒட்டி வந்து நிற்கிறது. நான் எழுதிய தாளின் ஓரத்தில் யாரோ ஈரக் கட்டைவிரலை வைத்தது போல ஓர் அச்சு. அந்தத் தாளை வகுப்பில் கொடுத்தபோது அந்தப் பெண் இரண்டு தரம் படித்தது. "இப்பதான் சார் யாருக்கோ எழுதியிருக்கீங்க" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. அந்தக் கண்ணாடி எப்போது பார்த்தாலும் மூக்கிலிருந்து வழிகிறது, தங்கள் கடைக்கு அனுப்பி வைக்கிறேன்.

வினை எங்கே வந்தது தெரியுமா? அந்தத் தாளை உங்கள் அக்கா படித்துவிட்டார். கத்தவில்லை. நான் எதிர்பார்த்தது கத்தலைத்தான். தாளை மேஜையில் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னீங்க? 'விழா சிறப்பாக நடைபெற்றது'ன்னு சொன்னீங்க. நானும் காபி போட்டுக் கொடுத்துட்டு என் வேலையைப் பாத்தேன். அழுததை இதுகிட்ட சொல்வீங்க, எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா?"

"இது கேட்கிறது" என்றேன்.

"நான் கேக்கலையா?" என்றார்.

இப்படி மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அறிவிப்பு எழுதுவேன். நாற்காலிக்காரரை வெளியேற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, பெரிய எழுத்தில், "பொதுமக்கள் கவனத்திற்கு: இவ்வீட்டில் உள்ள இருக்கைகளில் வெளியாட்கள் அமர அனுமதி இல்லை" என்று எழுதி வாசற்கதவில் ஒட்டினேன். தம்பி, இங்கேதான் நான் கோட்டை விட்டேன். யாருக்கு எழுதறீங்க, யாருக்கு எழுதறீங்க என்று அந்தப் பெண் கரடியாகக் கத்தியும் என் மண்டையில் ஏறவில்லை. உள்ளே இருந்த ஒருவருக்கு எழுத வேண்டியதை ஊருக்கே எழுதிவிட்டேன். பொதுமக்கள் கவனித்துவிட்டார்கள்.

சாயங்காலம் தட்டில் சாப்பாட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் அக்கா கூடத்துக்கு வந்தார். மேஜையைச் சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாம் குழிந்திருந்தன. சோபா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அமுங்கிக் கிடந்தது. படுக்கையறைக்குப் போனார். கட்டிலின் விளிம்பு வரிசையாக, பேருந்தில் இடித்துக்கொண்டு உட்கார்கிற மாதிரி, பள்ளம் பள்ளமாக இருந்தது. சமையலறை ஸ்டூலைக் கூட விடவில்லை. மூச்சு விடுகிற சத்தம் இல்லை, இருமல் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாரும் எதையோ படிக்கச் சொல்லிக் காத்திருக்கிற மாதிரி ஓர் அமைதி. சாப்பாடு ஆறிப் போகும்வரை அவர் தட்டை ஏந்திக்கொண்டு நின்றார். பிறகு பெட்டியை எடுத்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இதுதான்: "எனக்குப் பேய் பிசாசு பயமெல்லாம் போயிடுச்சுங்க. ஊர்ல இருக்கறவங்க இல்லாதவங்க எல்லாருக்கும் எழுதிட்டீங்க. எல்லாரும் வந்து உக்காந்தாச்சு. எனக்குத்தான் இந்த வீட்ல உக்கார இடமில்ல."

இதுதான் நடந்தது. இதில் நான் செய்த குற்றம் என்ன என்று தாங்களே சொல்லுங்கள் என்று எழுதப் போனேன், எதிரே எல்லா நாற்காலிகளும் மொத்தமாகப் பின்னால் போயின. சரி, அடித்துவிடுகிறேன். "தாங்கள்" என்று எழுதும்போதெல்லாமும் அப்படித்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறார்கள், காது கூசுகிறது, ஆகவே இனிமேல் நீ. தம்பி, நான் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறேன், நின்றுகொண்டுதான் இதையும் எழுதுகிறேன். சாப்பிடுகையில் டம்ளரிலிருந்து எழும் ஆவி ஒரு பக்கமாக வளைகிறது, யாரோ குனிந்து முகர்ந்து பார்க்கிறார்கள். முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தால் என் முகத்துக்குப் பின்னால் கூடம் காலியாகத்தான் தெரிகிறது, ஆனால் சோபா மூச்சு வாங்குகிற மாதிரி ஏறி இறங்குகிறது. இவர்களால் தொந்தரவு என்று சொல்ல முடியாது. பொய் சொன்னால்தான் நகர்வார்கள். ஆனால், இத்தனை பேர் நடுவில் இருந்தும், "என்னங்க, கதவைத் தாழ் போட்டீங்களா?" என்று கேட்க ஒருத்தர் இல்லை. நேற்று தாழ் போடாமலே தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தபோது போட்டிருந்தது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

உன் அக்கா இல்லாமல் எனக்கு முடியவில்லை. இதை எழுதியதும் எல்லாரும் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டார்கள், உண்மைதான் போலிருக்கிறது. நீ நல்லவன். கடிதம் வந்தால் முதல் வரியையும் கடைசி வரியையும்தான் படிப்பாய் என்று உன் அக்கா சொல்வார், இதை மட்டும் நடுவிலும் படி. அவரைச் சமாதானப்படுத்தி, நாளைக் காலை முதல் பேருந்திலேயே ஏற்றி அனுப்பிவிடு. வேண்டாம், நீயே கூட வந்து விட்டுவிட்டுப் போ. உட்கார இடம் கிடைக்காது, அதைப் பொருட்படுத்தாதே.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் உடல்நலத்திலும் சிறந்து நூறாண்டு வாழ என் ஆசிகள். கடையில் வேலை செய்பவர்களையும் கேட்டதாகச் சொல்லவும். இங்கே உட்கார்ந்திருக்கும் அனைவரும் உங்கள் எல்லாரையும் நலம் விசாரித்ததாகவே எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
என்றும் உன் நலம் நாடும்
அத்தான்

பின்குறிப்பு: தம்பி, மேலே எழுதியவை அனைத்தும் ரத்து. அவளை அனுப்பாதே. அனுப்புவதற்கு முன்னால் இதைப் படி.

எழுதி முடித்ததும், எங்கள் வகுப்பு வழக்கப்படி, கடிதத்தை இவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். "உன் அக்கா இல்லாமல் எனக்கு முடியவில்லை" என்ற இடம் வந்ததும் சோபா ஒரு பக்கமாக எழும்பியது. அப்புறம் கட்டில். அப்புறம் ஒவ்வொரு நாற்காலியாக. வாசற்கதவு திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. இது அவர்களுக்குச் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை, அவர்களுக்கே அது தெரிந்துவிட்டது. முதலில் வந்தவர் கடைசியாக எழுந்தார். பண்பானவர், நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளி வைத்துவிட்டுப் போனார். அவர்களுக்கு எழுதியது தப்பென்றால் உனக்கு எழுதுவது மட்டும் எப்படிச் சரி? உன்னிடம் எனக்கு என்ன வேலை? எனக்கே சிரிப்பு வந்தது. வேறு தாள் எடுத்தேன். நாற்காலியை எதிரே இழுத்துப் போட்டேன். அவள் கல்யாணமான புதிதில் எப்படி உட்கார்வாள், ஒரு காலை மடித்து, அதை நினைத்துக்கொண்டு எழுதினேன். "இந்தாம்மா, உன்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தேன். இனிமேல் உன்னிடம்தான் சொல்வேன். வந்து உட்கார்."

எழுதி முடிக்கவில்லை, எதிரே முட்டி சொடுக்குகிற சத்தம் கேட்டது. படியேறி வந்தால் அவள் முட்டியில் கேட்குமே, அதே சத்தம். அப்புறம் நாற்காலி முனகியது. "அப்பாடா" என்று ஒரு பெருமூச்சு. தைலம் வாசனை. வாசற்கதவு திறக்கவே இல்லை, தம்பி.

எழுதிக் கூப்பிட்டால் வந்துவிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் இதுவரை வந்தவர்கள் யார், உயிரோடு இருப்பவர்கள்தானா என்று நான் யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்கிறேன். அவளுக்குப் போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. உனக்குச் செய்தேன், அதுவும் அடித்துக்கொண்டே இருக்கிறது. வழக்கமாகக் கடையில் கூட்டம் என்றாவது சொல்வாயே, இன்றைக்கு அதையும் சொல்லவில்லை. நடத்துனர் ஜன்னலுக்கு வந்துவிட்டார், கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கடையைப் பூட்டாவிட்டாலும் பரவாயில்லை, வீட்டுக்கு ஓடு. அவள் எங்கே இருக்கிறாள் என்று பார். உன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாள் என்றால் எனக்கு அது போதும், அவள் இங்கே வரவே வேண்டாம். ஒரு வார்த்தை சொல், தம்பி. அதுவரை நான் தாளிலிருந்து கண்ணை எடுக்கப் போவதில்லை. எடுத்தால் அவள் தெரிந்துவிடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது, தெரியாமல் போய்விடுவாளோ என்றும் பயமாக இருக்கிறது. அதனால் இதை நீட்டிவிட்டு, அந்த இன்னொரு தாளில் அவளுக்குத்தான் எழுதிக்கொண்டிருப்பேன், எல்லாவற்றையும், ஒன்று விடாமல். நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வருகிறது.